எங்கம்மா சத்துணவு சமையலர்

அம்மா போயி வர்ற மாசியோட ஒரு வருஷம் ஆகப்போகுது. துக்கம் விசாரிக்க வந்தவங்கள்ல நெறைய பேரு ஒரே மாதிரிதான் சொன்னாங்க, எத்தனை புள்ளைகளுக்கு சோறு போட்ட கை, புண்ணியம் பண்ணுன மனுசின்னு. நல்ல மனசோட சொன்னதுதான், அந்த நேரத்துல எனக்கும் அது ஆறுதலா இருந்துச்சு. ஆனா எங்கம்மா செஞ்சது தானதர்மம் இல்ல, வேலை. தெனமும் காலைல போயி அடுப்பு பத்த வச்சு இருநூறு சொச்சம் புள்ளைகளுக்கு மதிய பெல் அடிக்கிறதுக்குள்ள சோத்தையும் கொழம்பையும் இறக்கி வைக்கிற வேலை. அதுல அம்மாவுக்கு இருந்த கைத்தெறமைய பத்தி ஒருத்தரும் பேசல, அதுக்காகத்தான் இத எழுதுறேன்.

எங்க ஊரு சாத்தூர் பக்கம், வைப்பாறுக்கு கொஞ்சம் தள்ளி ஒரு கரிசக்காட்டு ஊரு. மழை பேஞ்சா பருத்தி, கம்பு, உளுந்து, பேயலன்னா தீப்பெட்டி, அவ்வளவுதான் பொழப்பு. அம்மா பொறந்த தேதி வீட்டுல யாருக்கும் தெரியாது, பள்ளிக்கூடத்துல வாத்தியார் எழுதுனது 1951 ஜூன் 1, எங்க ஊருல அந்தக் காலத்து ஆளுங்க பாதிப்பேருக்கு அந்த மாதிரி ஜூன் மாசத்துலதான் பொறந்தநாள். அம்மா பள்ளிக்கூடம் போனதே சாப்பாட்டுக்காகத்தான்னு தானே சொல்லும். 1956ல காமராஜர் முதலமைச்சரா இருக்கும்போது எட்டயபுரத்துல மதிய உணவு திட்டத்த ஆரம்பிச்சு வச்சாருல்ல, ஆரம்பத்துல அது ஊர்க்காரங்க குடுக்குற தானியத்தையும் வெறகையும் காயையும் வச்சு நடந்த திட்டம்தான், அது எங்க பக்கத்துக்கு வந்தப்ப அம்மாவும் ரெண்டு மாமாவும் தட்ட தூக்கிட்டு போயிருக்காங்க. கம்மஞ்சோறும் பருப்புத்தண்ணியும் ஊத்துவாகன்னு சொல்லும், அத சொல்லும்போது மொகத்த பாக்கணும், ஏதோ கல்யாண விருந்த சொல்ற மாதிரி சொல்லும். அஞ்சாவது வரைக்கும் படிச்சுச்சு. ஆறாவதுக்கு வேற ஊருக்கு நடந்து போகணும், வீட்டுல ஆடு மேய்க்க ஆள் இல்ல, அதோட படிப்பு முடிஞ்சது.

அப்பா 1981ல கெணத்து வேலைல இறந்துட்டாரு. எனக்கு அஞ்சு வயசு, தம்பி அப்பதான் நடக்க ஆரம்பிச்சிருந்தான். அந்த ஒரு வருஷம் அம்மா தீப்பெட்டி ஒட்டித்தான் எங்களுக்கு கஞ்சி ஊத்துச்சு. கிழங்கு மாவுல பசை காச்சி, ராத்திரி சிம்னி வெளக்குல உக்காந்து அடிப்பெட்டி ஒட்டும், குரோஸ் கணக்குக்கு கூலி, ஒரு குரோஸ்னா 144 பெட்டி. அந்த பசை வாடை அடிச்சா இப்பவும் எனக்கு அந்த வருஷம்தான் ஞாபகம் வருது.

அடுத்த வருஷம், 1982 ஜூலை 1ந்தேதி, எம்.ஜி.ஆர். திருச்சி பக்கம் பாப்பாக்குறிச்சியில சத்துணவு திட்டத்த தொடங்கி வச்சாரு. ஊரு ஊருக்கு அமைப்பாளர், சமையலர், உதவியாளர்னு ஆள் எடுத்தாங்க, புருசன இழந்தவங்க, ஆதரவு இல்லாத பொம்பளைங்களுக்கு அதுல முன்னுரிமை. எங்க ஸ்கூல் வாத்தியார் ஒருத்தரு வீட்டுக்கே வந்து மனு எழுதிக் குடுத்து அம்மாட்ட கையெழுத்து வாங்கிட்டு போனாரு. சம்பளம் ரொம்ப சொற்பம், அதையும் மதிப்பூதியம்னுதான் சொல்வாங்க. இருந்தாலும் மாசம் பொறந்தா ஒரு காசு வரும்ங்கிறது எங்க வீட்டுல அதுக்கு முன்னாடி இல்லாத விஷயம்.

நானும் அதே பள்ளிக்கூடத்துலதான் ஒண்ணாப்பு. சாப்பாட்டு வரிசைல நான் வரும்போது அம்மா என்னை தாயின்னு கூப்பிடாது. ரிஜிஸ்டர்ல இருக்குற முழு பேரச் சொல்லித்தான் கூப்பிடும், எல்லாருக்கும் போடுற அதே கரண்டி, அதே அளவு. வீட்டுக்கு வந்தப்புறம்தான் தாயி. எனக்கு அது அப்ப புரியல, ஆனா வரிசைல நின்ன மத்த புள்ளைகளுக்கு நல்லா புரிஞ்சிருந்துச்சுன்னு இப்ப அவங்களே சொல்லும்போது தெரியுது.

சமையல பத்தி சொல்லணும். வீட்டுல நாலு பேருக்கு பொங்குறதும் இருநூறு பேருக்கு பொங்குறதும் ஒரே வேலைன்னு நெனக்கிறவங்க ஒரு நாள் அந்த அண்டா பக்கத்துல நின்னு பாக்கணும். குடோன்ல இருந்து வர்ற அரிசி ஒரு மாசம் மாதிரி இன்னொரு மாசம் இருக்காது, ஒரு மூட்டை புது அரிசியா இருக்கும், ஒலைல போட்ட ஒடனே கொழஞ்சிரும், ஒரு மூட்டை பழசு, எவ்வளவு தண்ணி ஊத்துனாலும் வெரச்சுக்கிட்டு நிக்கும். அம்மா மூட்டைய பிரிச்சதும் ஒரு பிடி அள்ளி மோந்து பாக்கும், நாலு அரிசிய பல்லுல கடிச்சுப் பாக்கும், அதுலயே தண்ணி எவ்வளவு, எவ்வளவு நேரம் ஊறணும் எல்லாம் முடிவாயிரும். அப்புறம் சொளகுல போட்டு பொடச்சு கல்லு, உமி, பூச்சி எல்லாம் எடுக்கணும், அதுக்கே ரெண்டு பொம்பளைங்களுக்கு ஒரு மணி நேரம் ஆகும். காலைல பிரேயர் முடிஞ்சு அட்டெண்டன்ஸ் எடுத்ததும் தலைக்கணக்கு வந்துரணும், அதுக்கு மேலதான் அரிசி அளக்கணும். நான் படிக்கும்போது என்ன அளவுன்னு ஞாபகமில்ல, பின்னாடி ஒண்ணுல இருந்து அஞ்சாப்பு வரைக்கும் தலைக்கு நூறு கிராம், ஆறுல இருந்து எட்டு வரைக்கும் நூத்தம்பது கிராம்னு கணக்கு. அம்மா அத தாளும் பேனாவும் இல்லாம சொல்லும்.

பருப்பு கொஞ்சமாத்தான் வரும். அந்த பருப்புல இருநூறு பேருக்கு சாம்பார் வச்சா தண்ணியாத்தான் ஓடும். அம்மா என்ன செய்யும்னா பருப்ப மஞ்சப்பொடியும் ரெண்டு சொட்டு எண்ணெயும் விட்டு தனியா நல்லா வேகவிட்டு மத்தால மசிச்சிரும், பரங்கிக்காய தோலோட வெட்டிப் போட்டு அதுல பாதிய மசிச்சு கொழம்போட கலந்துரும், அப்ப கொழம்பு சோத்துல நிக்கும். ஊருல யார் வீட்டு முருங்க மரம் கெள ஒடிஞ்சாலும் அந்த கீரை பள்ளிக்கூடத்துக்குத்தான் வரும், அம்மா அப்படி சொல்லி வச்சிருந்துச்சு. சோறு வெந்ததும் அண்டாவ கம்பு கோத்து ரெண்டு பேரா சாய்ச்சு வடிக்கணும், ஒருத்தர் கை நழுவுனா ரெண்டு பேரு காலும் போச்சு. அந்த வடிகஞ்சிய கொட்ட விடாது, உப்பு போட்டு ஒரு வாளில வச்சிருக்கும், காலைல ஒண்ணும் சாப்பிடாம வந்த புள்ளைக இன்டெர்வெல்ல வந்து ஒரு டம்ளர் குடிச்சிட்டு போகும்.

திங்கக்கெழம மட்டும் கொழம்ப கூட வைக்கும், வேற எந்த கணக்குலயும் கைவைக்காது. ஏன்னு நான் பெரிய பொண்ணானப்புறம் கேட்டேன். சனி ஞாயிறு பள்ளிக்கூடம் லீவுல்ல தாயி, திங்கக்கெழம புள்ளைக திங்கிறத பாத்தா தெரியும்னு சொல்லுச்சு. இத எந்த ஆபீசரும் அம்மாவுக்கு சொல்லிக் குடுக்கல. எந்த புள்ளை தட்ட எப்படி புடிக்குது, எந்த புள்ளை மொத வாய அவசரமா முழுங்குதுன்னு பாத்துப் பாத்து தெரிஞ்சுக்கிட்டது.

எங்க பக்கத்துல அப்பல்லாம் விடியறதுக்கு முன்னாடியே தீப்பெட்டி ஆபீஸ் வேன் வரும், ஊரு ஊரா போயி புள்ளைகள ஏத்திக்கிட்டு போவாங்க, பட்டாசு, தீப்பெட்டி ரெண்டுக்கும். எட்டு வயசு பத்து வயசு புள்ளைக இருட்டுல சோத்து தூக்குவாளியோட ரோட்டுல நிக்கும். என் கூட படிச்ச ரெண்டு பொண்ணுங்க மூணாப்போட அந்த வேன்ல ஏறுனவங்கதான். அம்மா சாயங்காலம் வேலை முடிஞ்சதும் அந்த வீடுகளுக்கு போயி திண்ணைல உக்காந்து பேசும், திட்டாது, ஒரு நேரத்து சோத்துக்கு நான் பொறுப்பு, புள்ளய அனுப்புன்னு மட்டும் சொல்லும். 1989ல கலைஞர் ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு கொண்டு வந்தப்புறம் பேச்சுக்கு இன்னொரு வார்த்தை கெடச்சுச்சு, முட்டை போடுற அன்னைக்காவது அனுப்புங்கன்னு. சில வீட்டுல அனுப்புனாங்க, சில வீட்டுல அனுப்பல. அனுப்பாத வீட்ட அம்மா கொறை சொல்லாது, ஏன்னா தீப்பெட்டிக் கூலி இல்லன்னா அந்த வீட்டுல அடுப்பு எரியாதுன்னு அம்மாவுக்கு தெரியும், தானும் ஒட்டுன ஆளுதானே. முட்டை வந்தா மொதல்ல தண்ணில போட்டு பாக்கும், மெதக்குற முட்டைய தனியா எடுத்து வச்சிட்டு அமைப்பாளர்ட்ட ஒப்படைக்கும், ஒண்ணு கொறஞ்சாலும் அந்த ஒரு புள்ளைக்கு என்ன பதில் சொல்றதுன்னு சண்டை போட்டு மாத்தி வாங்கும்.

இன்னொண்ணு சொல்லாம விட்டா அம்மாவ பத்தி முழுசா சொன்னதா ஆகாது. அம்மாவோட சமையல் உதவியாளரா வேலை பாத்த அக்கா காலனில இருந்து வந்தவங்க. அவங்க வேலைக்கு வந்த புதுசுல மேலத்தெருவுல சில பேரு புள்ளைகள சாப்பிட வேண்டாம்னு சொல்லி வீட்டுல இருந்து டிபன் கட்டி குடுத்து விட்டாங்க, அந்த அக்காவ பாத்திரம் கழுவுறதோட நிறுத்திக்க சொல்லி அம்மாட்டயே ஆள் விட்டாங்க. அம்மா அன்னைல இருந்து எல்லா வேலையையும் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி செய்யிற மாதிரி வச்சிக்கிச்சு, ஒருத்தர் அரிசி போட்டா ஒருத்தர் வடிக்கிறது, ஒருத்தர் காய் நறுக்குனா ஒருத்தர் தாளிக்கிறது. கேக்க வந்தவங்ககிட்ட, எந்தப் பருக்கை யாரு கை பட்டதுன்னு பிரிச்சுக் காட்டுங்க, அத மட்டும் எடுத்து வச்சிருதேன்னு சொல்லுச்சு. கொஞ்ச நாள்ல டிபன் கட்டுறது நின்னு போச்சு, மொத ஆளா அந்தப் புள்ளைகதான் பசிக்குதுன்னு வந்து வரிசைல நின்னது. 2018ல திருப்பூர் மாவட்டத்துல பட்டியல் சமூகத்துல இருந்து வந்த சத்துணவு சமையலர வேலை செய்ய விடாம ஊருல எதிர்ப்பு வந்த செய்தி டிவில ஓடுனப்ப அம்மா அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. அந்த அக்காவுக்கு போன் போட்டு ரொம்ப நேரம் பேசிட்டு இருந்துச்சு. இத்தனை வருஷம் கழிச்சும் இப்படியான்னு எனக்கும் ஆத்திரமாத்தான் இருந்துச்சு, இப்பவும் இருக்கு.

கும்பகோணத்த எப்படி எழுதுறதுன்னு தெரியல. 2004 ஜூலை 16, வெள்ளிக்கெழம. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைச்ச எடத்துல புடிச்ச தீ கீத்துக் கொட்டாய்க்கு பரவி 94 புள்ளைக செத்துப்போச்சு. எங்க ஊரு சமையக்கூடத்துக்கும் அப்ப ஓலைக்கூரைதான், வகுப்பறைக்கு நாலு எட்டு தள்ளி. அன்னைக்கு சாயங்காலம் டிவில பாத்துட்டு அம்மா ஒரு வார்த்தை பேசல. மறுநாள் காலைல அந்த உதவியாளர் அக்காவ கூட்டிக்கிட்டு, தம்பியையும் எழுப்பிக் கூட்டிட்டு போயி கூரைல இருந்த ஓலைய பூரா பிரிச்சு கீழ தள்ளிருச்சு. பர்மிஷன் கேக்கல. திங்கக்கெழம தலைமை ஆசிரியர் வந்து பாத்துட்டு என்னம்மா இதுன்னு கேட்டப்ப, ஆர்டர் வர்ற வரைக்கும் என்னால இதுக்கு கீழ தீ மூட்ட முடியாது சார்னு சொல்லிருச்சு. அப்புறம் அரசாங்கமே பள்ளிக்கூடங்கள்ல கீத்துக் கூரைய எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டாங்க. அதுக்குப் பெறகு தகரம் வந்து, அப்புறம் கட்டடம் வர்ற வரைக்கும் வேப்ப மரத்தடில மூணு கல்லு வச்சுத்தான் சமைச்சாங்க, வெயில்ல. அந்த 94 புள்ளைகளோட அம்மாக்கள நெனச்சு அழுகுற அதே நேரத்துல, அங்க அடுப்புல நின்ன பொம்பளை மனசு என்ன பாடு பட்டிருக்கும்னும் அம்மா சொல்லிச் சொல்லி அழுதுச்சு. வேற யாரும் அப்படி சொல்லி நான் கேட்டதில்ல.

சங்கத்துலயும் இருந்துச்சு, சத்துணவு ஊழியர் சங்கத்துல. காலமுறை ஊதியம் கேட்டு விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் முன்னாடி மறியல்னா மொத பஸ்ல ஏறிரும். பிடிச்சுட்டுப் போயி கல்யாண மண்டபத்துல வச்சிருந்து சாயங்காலம் விட்டுருவாங்க. ரிட்டயர் ஆனது 2009ல. கடைசியா வந்துட்டு இருந்த சிறப்பு ஓய்வூதியம் மாசம் 2000 ரூபா. அவ்வளவு வருஷம் நெருப்புல நின்னவங்களுக்கு இது போதாது, அம்மா இருக்கும்போதே சொன்னதுதான், இப்ப நானும் சொல்றேன்.

ரிட்டயர் ஆனப்புறம் மதுரைல எங்க வீட்டுல பாதி நாள், ஊருல தம்பி வீட்டுல பாதி நாள். என் பொண்ணுக்கு அம்மாச்சி, தம்பி பையனுக்கு அப்பத்தா. நாலு பேருக்கு எவ்வளவு அரிசி போடுறதுன்னு கொஞ்ச நாள் தடுமாறும், மிச்சமாகுற சோத்துக்கு தெருவுல ஆள் தேடும், எங்க தெருவுல இஸ்திரி போடுற அண்ணன், செக்யூரிட்டி தாத்தா எல்லாருக்கும் அம்மாச்சி சாப்பாடு பழக்கமாயிருச்சு. பொண்ணுக்கு வாய்ப்பாடு சொல்லிக்குடுத்தது அம்மாச்சிதான். முப்பத்தாறு புள்ளைக்கு நூறு கிராம் வீதம் எவ்வளவு, அதுல நாலு பேரு லீவுன்னா எவ்வளவு மிச்சம், இப்படித்தான் கணக்கு போடச் சொல்லும், அவ இப்ப காலேஜ்ல காமர்ஸ் படிக்கிறா, இப்பவும் மனக்கணக்கு போடும்போது வாய்க்குள்ள கிலோ கிராம்னு முணுமுணுக்குறா.

தம்பி பையன் ஊருல அதே ஸ்கூல்ல படிக்கிறான். 2022ல மதுரைல முதலமைச்சர் ஸ்டாலின் காலை உணவு திட்டத்த தொடங்குனது, 2023 ஆகஸ்ட் 25 திருக்குவளைல வச்சு எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும்னு விரிவாச்சுல்ல, அன்னைக்குதான் அவன் ஸ்கூலுக்கும் வந்துச்சு. அம்மாவுக்கு அப்பவே மூச்சு விட கஷ்டம், நாலு வீடு தாண்ட முடியாது. இருந்தாலும் வாரம் முடிஞ்சு திங்கக்கெழம பேரன் கைய புடிச்சுக்கிட்டு மெதுவா நடந்து போயி வாசல்ல ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்து புள்ளைக உப்புமா திங்கிறத பாத்துட்டு வந்துச்சு. எப்படிம்மா இருந்துச்சுன்னு போன்ல கேட்டா, ரவை நல்லா வறுத்திருக்காக, சாம்பார்ல காய் கெடக்கு, இனி பிரேயர்ல ஒரு புள்ளையும் மயங்கி விழாதுன்னு சொல்லுச்சு. காமராஜர் சோத்த தின்னுட்டு, எம்.ஜி.ஆர். சோத்த ஆக்கிப் போட்டுட்டு, பேரன் காலைச் சோறு திங்கிறத பாத்தாச்சுன்னு அன்னைக்கு எத்தனை பேருக்கு போன் போட்டுச்சோ.

மூச்சுக்கோளாறு அதுக்கு பல வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு. மதுரைல டாக்டர் எக்ஸ்ரே எல்லாம் பாத்துட்டு அம்மா பீடி சிகரெட் குடிப்பாங்களான்னு கேட்டாரு. நான் இல்லன்னதும் வெறகு அடுப்பான்னு கேட்டாரு. சிஓபிடின்னு சொன்னாரு, மூச்சுக்குழாய் சுருங்கி அடைச்சுக்கிற நோய், பீடி தொடாத பொம்பளைங்களுக்கு வெறகுப் புகையால வர்றது ரொம்ப சகஜம்னாரு. அம்மா ரிட்டயர் ஆகுற வரைக்கும் எங்க ஊரு கூடத்துல வேலிக்கருவை வெறகுதான். ஐப்பசி கார்த்திகைல வெறகு ஈரமா இருக்கும், ஊதாங்குழல் வச்சு ஊதி ஊதி கண்ணு செவந்து போயித்தான் வீட்டுக்கு வரும். நாங்க வேலை பாத்துட்டு வர்ற அலுப்புன்னு நெனச்சிருந்தோம். அந்த நூறு கிராம் சோத்துக்கு அம்மா நெஞ்சு குடுத்த வெலை அது. இப்ப கூடங்கள்ல கேஸ் வந்துருச்சு, எங்க ஊருலயும் வந்துருச்சு. ரொம்ப நல்ல விஷயம், வேற எந்த பொம்பளைக்கும் அந்தப் புகை வேண்டாம்.

கடைசி ரெண்டு மாசம் ஆக்சிஜன் மெஷினோட ஊருலதான் இருந்துச்சு, அங்கதான் இருப்பேன்னு சொல்லிருச்சு. மாசி மாசம் ஒரு விடியக்காலைல தூக்கத்துலயே போயிருச்சு. அன்னைக்கு மதியம் ஸ்கூல் லீவு விடல, விட்டிருந்தா புள்ளைகளுக்கு சாப்பாடு இருக்காதுல்ல, அம்மாவுக்கும் அதுதான் பிடிச்சிருக்கும். தூக்குறதுக்கு முன்னாடி பழைய புள்ளைக வந்து சேந்தாங்க, லாரி ஓட்டுறவன், தாலுகா ஆபீஸ்ல வேலை பாக்குறவ, சிவகாசில அச்சாபீஸ் வச்சிருக்குறவன், நர்ஸு, ரெண்டு பேரு டீச்சர். சின்ன வயசுல வேனுக்கு போயிட்டு நின்னுட்ட ஒரு பொண்ணு, இப்ப அவளுக்கே பேத்தி இருக்கு, அவ என் கைய புடிச்சுக்கிட்டு ஒங்கம்மா எங்க வீட்டு திண்ணைல வந்து உக்காந்தது இன்னும் ஞாபகம் இருக்குக்கான்னு சொன்னா. அந்த உதவியாளர் அக்கா நடக்க முடியாம ஆட்டோவுல வந்து எறங்கி அம்மா தலைமாட்டுல உக்காந்தாங்க, எடுக்குற வரைக்கும் எந்திரிக்கல.

வருஷத் திதிக்கு ஊர்ச்சாப்பாடு போடலாம்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. நானும் தம்பியும் வேற மாதிரி பேசி வச்சிருக்கோம். ஸ்கூல்ல இப்ப சமைக்கிற அக்காட்டயும் ஹெச்எம்கிட்டயும் கேட்டோம், சமையக்கூடத்துல புகைபோக்கி விசிறி இல்ல, பெரிய அண்டா ஒண்ணு அடி தேஞ்சு போச்சு, வடிக்கிறதுக்கு சாய்ப்பு ஸ்டாண்டு இருந்தா ரெண்டு பேரு தூக்க வேண்டாம்னு சொன்னாங்க. அந்த மூணையும் வாங்கிக் குடுக்குறோம். ஸ்டாண்டுக்கு சாத்தூர்ல ஒரு பட்டறைல அளவு குடுத்தாச்சு, அந்த அக்காவே வந்து எவ்வளவு ஒசரம் இருக்கணும்னு கைய வச்சுக் காட்டிட்டு போனாங்க.